மண்மேடு சரிந்தால் வீட்டுக் காப்புறுதி எதைக் கொடுக்கும்?

மேட்டுவீடு · ஹப்புத்தளை

எல்லோருக்கும் வணக்கம். 2018 இல் வங்கிக் கடன் எடுத்து வீடு கட்டினோம். பத்து பேர்ச் காணி. மலையை வெட்டித்தான் இடம் எடுத்தோம், அதனால் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு அடி உயரத்துக்கு மண்மேடு நிற்கிறது. அதற்குக் கருங்கல்லில் தாங்குசுவர் கட்டியிருந்தோம். கடன் கொடுக்கும்போதே வங்கி வீட்டைக் காப்புறுதி செய்ய வைத்தது. வருடா வருடம் பணம் கணக்கிலிருந்து கழியும். பத்திரத்தை நான் ஒருநாளும் திறந்து வாசித்ததில்லை.

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது இரண்டு இரவு விடாமல் மழை. முதல் இரவு காற்றில் குசினிப் பக்கம் நான்கு கூரைச் சீட் பறந்தது. அடுத்த நாள் விடியற்காலை தாங்குசுவர் பாதி சரிந்து, சேறு குசினிக்குள் வந்துவிட்டது. குசினிச் சுவர் குறுக்கே வெடித்தது. ஃபிரிட்ஜ், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் சேற்றுக்குள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போய்விட்டோம்.

நிறுவனத்தில் கூரைச் சீட்டுக்கு மட்டும்தான் பணம் கொடுத்தார்கள், அதிலும் ஒரு பங்கைக் கழித்து. தாங்குசுவருக்கு இல்லை, குசினிச் சுவருக்கு இல்லை, சாமானுக்கும் இல்லை. ஏழு வருடம் கட்டிய காசு என்று நினைத்தால் நெஞ்சு எரிகிறது. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் சொன்னது சரிதானா? புதுப்பிக்கும்போது என்ன கேட்க வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரக்கறித்தோட்டம் · வெலிமடை

அக்கா, வங்கிக்காகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கட்டுங்கள். அதற்கு மேல் ஒரு சதமும் போடாதீர்கள். அந்தக் காசில் பின்பக்கத் தண்ணீர்க் கானைச் சரியாக வெட்டி, சுவரைத் திரும்பக் கட்டினால் வீடு நிற்கும். பத்திரம் வீட்டைத் தாங்காது.

பழைய மதிப்பீட்டாளர் · கம்பளை

தங்கச்சி, பிள்ளைகளோடு வெளியே வந்தீர்களே, அதுவே முதல் காரியம். நான் சேதம் மதிப்பிடும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன், இப்போது ஓய்வு. உங்களைப் போன்றவர்களின் சேறு படிந்த குசினியில் நின்று "இதற்கு இல்லை, அதற்கு இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் நாட்டில் வீட்டுக் காப்புறுதி என்பது தீக் காப்புறுதியின் மேல் கட்டப்பட்டது. அடிப்படையில் இருப்பது தீயும் மின்னலும். புயல் காற்று, வெள்ளம், நிலநடுக்கம், வெடிப்பு, வாகனம் வந்து மோதுவது, தண்ணீர்த் தாங்கியோ குழாயோ வெடிப்பது, வேண்டுமென்றே யாராவது சேதப்படுத்துவது எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படுபவை. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் தனி. அந்தப் பகுதிக்கு அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் பின்னால் நிற்கிறது. எது சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது பத்திரத்தின் முன்பக்க அட்டவணையில் இருக்கும். உங்கள் பொலிசியில் முதலில் வாசிக்க வேண்டிய பக்கம் அதுதான். அங்கே பெயர் இல்லாத ஆபத்துக்குப் பணம் இல்லை. வங்கி வழியாகப் போடும் பொலிசியில் பல நேரம் குறைந்த அளவே இருக்கும், ஏனென்றால் வங்கிக்கு வேண்டியது அதன் கடனுக்கு ஒரு பாதுகாப்பு.

இனி மழை. நமக்கு அது ஒரே மழை. பொலிசிக்கு அது நாலு விஷயம். காற்று கூரையைக் கிழித்து, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்தால் அது புயல். ஆறோ கானோ பெருகி வாசலால் தண்ணீர் ஏறினால் அது வெள்ளம். மண் நகர்ந்து வந்து தள்ளினால் அது மண்சரிவு. சுவரில் மாதக்கணக்கில் ஊறி, பூஞ்சணம் பிடித்து, சாந்து உதிர்ந்தால் அது கசிவு, அதற்கு எந்தப் பொலிசியிலும் இடமில்லை. ஒரே இரவில் ஒரே வீட்டுக்கு இந்த நாலும் வரலாம், வந்திருக்கிறது. சேதத்துக்கு நெருங்கிய காரணம் எது என்றுதான் நாங்கள் பார்ப்போம். உங்கள் கூரைக்குக் காற்று, குசினிச் சுவருக்கு மண். அதனால்தான் ஒன்றுக்குக் கொடுத்து மற்றதற்கு மறுத்திருக்கிறார்கள்.

மலைநாட்டில் இருக்கிறவர்களுக்கு இதில்தான் பெரிய ஆபத்து. புயலும் வெள்ளமும் சேர்ந்த பொலிசியைப் பார்த்து "இயற்கை அனர்த்தம் எல்லாம் இருக்கிறது" என்று நினைத்துக்கொள்கிறோம். மண்சரிவும் நிலம் தாழ்வதும் தனியாக எழுதப்பட வேண்டியவை. சில பத்திரங்களில் புயல் பகுதிக்குள்ளேயே "நிலம் சரிவதால் வரும் சேதம் நீங்கலாக" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். கொழும்பில் தட்டையான நிலத்தில் இருப்பவருக்கு அந்த வரியால் ஒன்றும் குறையாது. ஹப்புத்தளையில் இருப்பவருக்கு அந்த ஒரு வரிதான் பொலிசியே.

தாங்குசுவர், மதில், கேட், முற்றம், மலசலகூடக் குழி எல்லாம் "வீடு" என்ற சொல்லுக்குள் தானாக வராது. பெயரும் பெறுமதியும் தனியாக எழுதியிருக்க வேண்டும். வீட்டுச் சாமானும் தனி. கட்டடத்துக்கு மட்டும் போட்டிருந்தால் ஃபிரிட்ஜுக்குக் கிடைக்காது. அவர்கள் கழித்த பங்குக்கு எக்ஸஸ் என்று சொல்வார்கள், ஒவ்வொரு சேதத்திலும் முதல் பங்கு உங்களுடையது. இயற்கை அனர்த்தத்துக்கு அது சதவீதமாகவே இருக்கும், அந்த எண்ணும் அட்டவணையில் உண்டு.

இப்போது நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். முதல் இரவு சீட் பறந்தது என்கிறீர்கள், சேறு வந்தது அடுத்த நாள். அந்த இடைவெளியில் குசினிக்கு மேல் மழை கொட்டியிருக்குமே. சீலிங் என்ன ஆனது? வயரிங்?

மேட்டுவீடு · ஹப்புத்தளை

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். சீலிங் முழுக்க ஊறித் தொங்கியது, இரண்டு பலகை விழுந்தே விட்டது. குசினி லைட்டும் பிளக்கும் இன்னும் வேலை செய்யவில்லை. சேறு வந்ததால் எல்லாம் அதோடு போய்விட்டது என்று நினைத்தேன், கோரிக்கையில் எழுதவே இல்லை. சீட் மட்டும்தான் எழுதினேன்.

பத்திரத்தைத் தேடி எடுத்தேன். அட்டவணையில் தீ, மின்னல், வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தாங்கி. மண்சரிவு இல்லை. "வசிக்கும் வீடு" என்று ஒரு வரி, அதற்கு 45 இலட்சம். எல்லாம் ஆங்கிலம், சிறிய எழுத்து. வாசித்து முடிக்க எனக்கு ஒரு பின்னேரம் போனது.

பழைய மதிப்பீட்டாளர் · கம்பளை

அப்படியானால் சீலிங்குக்கும் வயரிங்குக்கும் வழி இருக்கிறது. காற்று திறந்த கூரையால் வந்த மழை, மண் வருவதற்கு முன்பே செய்த சேதம். அதைத் தனியாக, நேரத்தோடு எழுதி அனுப்புங்கள். முதல் இரவு எத்தனை மணிக்குச் சீட் போனது, சேறு எத்தனை மணிக்கு வந்தது, யார் பார்த்தார்கள், படம் இருந்தால் படம். கிராம சேவகரின் கடிதத்திலும் இரண்டையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். "மழையினால் வீடு சேதம்" என்று அவர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அது உங்களுக்கு எதிராகவே போகும்.

குசினிச் சுவருக்கும் எந்த வாசகத்தின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. பதில் திருப்தி இல்லாவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடு எடுக்கும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், மண்சரிவு உங்கள் அட்டவணையில் இல்லாதபோது அந்தச் சுவருக்காக நீங்கள் நீண்ட நாள் அலைந்தாலும் கையில் ஒன்றும் வராமல் போகலாம்.

ஆற்றோரம் · நாவலப்பிட்டி

தங்கச்சி, அந்த 45 இலட்சத்தை ஒரு தரம் பாருங்கள். அது எங்கிருந்து வந்த எண்? எங்கள் வீட்டில் அது கடன் தொகை. வீட்டைத் திரும்பக் கட்ட 80 இலட்சம் வேண்டும், நாங்கள் 40 இலட்சத்துக்குப் போட்டிருந்தோம். மகாவலி பெருகி வீட்டுக்குள் வந்த வருடம் 12 இலட்சம் சேதம். 40 இலட்சத்துக்குள் தானே இருக்கிறது, முழுசாகக் கிடைக்கும் என்று நம்பினோம். கிடைத்தது அஞ்சு இலட்சத்து நாற்பதாயிரம்.

கணக்கை அவர்கள் காட்டினார்கள். பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், ஆகவே எந்தச் சேதத்திலும் பாதிதான் எங்கள் பொறுப்பு, மீதிப் பாதிக்கு நீங்களே காப்புறுதிக்காரர். 12 இல் பாதி 6. அதில் பத்து வீதம் கழிவு. முடிந்தது. இதற்கு அவரேஜ் என்று பெயர் சொன்னார்கள். என் கணவர் அன்று இரவு சாப்பிடவே இல்லை.

2022 நெருக்கடியில் சீமெந்து விலை ஒரே வருடத்தில் இருமடங்கைத் தாண்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முன் போட்ட எந்தத் தொகையும் இன்றைக்குக் காணாது. உங்களுடையது 2018 தொகை என்றால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

பழைய மதிப்பீட்டாளர் · கம்பளை

நாவலப்பிட்டிக்காரர் சொன்னதை எல்லோரும் இரண்டு தரம் வாசியுங்கள். மண்சரிவு வராத வீட்டிலும் இந்தக் கணக்கு வரும். போட வேண்டிய தொகை இன்று அதே இடத்தில் திரும்பக் கட்டும் செலவு. காணியின் விலையைச் சேர்க்காதீர்கள், சந்தை விலையையும் பார்க்காதீர்கள். நம் பக்கத்தில் மணலும் கல்லும் மேட்டுக்கு ஏற்றும் கூலியே ஒரு பெரிய தொகை, லொறி போகாத இடத்தில் தலைச்சுமை. அதையும் சேர்த்து, வீடு கட்டும் பாஸ் ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். இடிபாட்டையும் சேற்றையும் அகற்றும் செலவுக்கும் தனித் தொகை கேளுங்கள், மலையில் அது சிறிய காரியமில்லை.

கருங்கல்கட்டு · பசறை

நான் முப்பது வருடமாகச் சுவர் கட்டுகிறேன். வெலிமடைத் தம்பி சொன்னதில் பாதி எனக்குச் சரி. காப்புறுதிக்காரர் மண்சரிவைச் சேர்த்தாலும், சுவரைப் பிழையாகக் கட்டியிருந்தால் அதைச் சொல்லியே மறுப்பார்கள். பிழையான வடிவமைப்பு, பிழையான வேலை, பழுதாகிப்போனது, இதெல்லாம் அவர்கள் தராத பட்டியலில் எப்போதும் இருக்கும்.

அக்கா, உங்கள் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை விட்டிருந்தார்களா? பின்னால் கல் நிரப்பினார்களா, தோண்டிய மண்ணையே திரும்பக் கொட்டினார்களா? மலையில் சுவரைத் தள்ளுவது மண்ணை விடத் தண்ணீர்தான். மேட்டின் உச்சியில் ஒரு கான் வெட்டி, மழைத் தண்ணீரைச் சுவருக்குப் பின்னால் இறங்க விடாமல் பக்கவாட்டில் கொண்டுபோய் விட வேண்டும். கூரைப் பீலித் தண்ணீரும் அந்த மேட்டில் விழக்கூடாது. நான் பார்த்த விழுந்த சுவர்களில் பாதிக்கு மேல் துளையே இல்லை.

இன்னொன்று. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மேட்டை வெட்டியவர்கள் நிறையப் பேர். கோரிக்கை வரும்போது அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

மரக்கறித்தோட்டம் · வெலிமடை

பாஸ் அண்ணே, நான் கேட்பதும் அதுதான். சுவரைச் சரியாகக் கட்டினால் பொலிசி எதற்கு? பிழையாகக் கட்டினால் பொலிசி கொடுக்காது. இரண்டு பக்கமும் அவர்களுக்குத்தானே இலாபம்?

பழைய மதிப்பீட்டாளர் · கம்பளை

தம்பி, நியாயமான கேள்வி. சரியாகக் கட்டிய சுவரும் விழுகிறது. மேலே இருக்கிற காணி வேறொருவருடையது, அதற்கு மேலே ரோட்டு, அதற்கு மேலே தேயிலை. உங்கள் சுவருக்கு மேல் இருநூறு அடியில் மண் வெடித்து வந்தால் உங்கள் கான் என்ன செய்யும்? அப்படி வரும் சேதத்துக்குத்தான் காப்புறுதி. நீங்கள் கவனித்திருந்தால் வராத சேதத்துக்கு அது பணம் தராது, தரவும் கூடாது என்பேன். சுவருக்குக் காசு இருந்து காப்புறுதிக்கு இல்லை என்றால் சுவரைக் கட்டுங்கள், நானும் அதையே சொல்வேன். ஆனால் வருடத்துக்கு மண்சரிவைச் சேர்க்கக் கேட்கும் கூடுதல் கட்டணத்தையும் சுவர்ச் செலவையும் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று மாற்று என்று சொல்ல முடியாத அளவுக்குத் தூரத்தில் இருக்கும்.

பன்னிரண்டாம் லயம் · டிக்கோயா

எல்லோரும் சொந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் இருப்பது தோட்ட லயத்தில். தாத்தா பிறந்த அதே காம்பரா. ஒரு கோடியில் வயர் சூடாகித் தீப்பிடித்தால் கூரை ஒன்றோடொன்று ஒட்டி இருப்பதால் பன்னிரண்டு குடும்பமும் வெளியே நிற்க வேண்டியதுதான். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி நடந்து, பிள்ளைகளின் சான்றிதழ் வரைக்கும் எரிந்தது. எங்களுக்கு ஏதாவது வழி இருக்கிறதா? அப்பா ஒரு முகவரிடம் கேட்டார், காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பழைய மதிப்பீட்டாளர் · கம்பளை

தம்பி, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஒரு பொருள் போனால் யாருக்கு நட்டமோ அவருக்குத்தான் அதைக் காப்புறுதி செய்யும் உரிமை. லயத்தின் கட்டடம் சட்டப்படி உங்களுடையது இல்லை, அதனால் கூரைக்கும் சுவருக்கும் உங்கள் பெயரில் பொலிசி எடுக்க முடியாது. நாலு தலைமுறை அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும் சட்டம் அதைப் பார்ப்பதில்லை. ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு நம் சனம் இத்தனை வருடமாகக் குரல் கொடுப்பதில் இதுவும் ஒரு காரணம்.

ஆனால் உள்ளே இருக்கும் சாமான் உங்களுடையது. டிவி, தையல் மெஷின், கட்டில், அலுமாரி, உடுப்பு. அதற்கு உறுதி தேவையில்லை. "வீட்டுச் சாமான் மட்டும்" என்று சொல்லிக் கேளுங்கள், தீயும் மின்னலும் கட்டாயம் இருக்கட்டும். ஒரு முகவர் இல்லை என்றால் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். நகைக்கு வரம்பு இருக்கும், காசுக்கும் பத்திரங்களுக்கும் பெரும்பாலும் இல்லை. சான்றிதழ்களைப் படம் எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள்.

அரசுப் பக்கத்தில், 2016 இல் தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதி என்று ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். வீட்டுச் சேதத்துக்கு 25 இலட்சம் வரை என்று அப்போது சொல்லப்பட்டது, தனித்தனியாகக் கட்டணம் கட்டத் தேவையில்லாத ஏற்பாடு. இன்றைக்கு எந்த உதவி எந்த நிபந்தனையோடு கிடைக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதற்கு முதல் படி சேதம் நடந்த உடனே கிராம சேவகரிடம் பதிவது.

மீரியபெத்தையை மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். எந்தப் பொலிசியும் அங்கே உதவியிருக்காது, இடம் மாறியிருந்தால் மட்டும்தான்.

மூடியவீடு · தலவாக்கலை (இப்போது வத்தளை)

எனக்கும் ஒரு சின்னக் கேள்வி. தலவாக்கலை வீட்டில் இப்போது யாரும் இல்லை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் போவோம். காப்புறுதி இருக்கிறது. பிரச்சினை வருமா?

பழைய மதிப்பீட்டாளர் · கம்பளை

வரும். முப்பது நாளோ அதைப்போல ஒரு காலமோ யாரும் தங்காமல் இருந்தால் சில பகுதிகள் நின்றுபோகும் என்று எழுதியிருப்பார்கள், களவும் தண்ணீர்க்குழாயும் முதலில் நிற்கும். மறைக்காமல் நிறுவனத்துக்கு எழுதி, ஒப்புதல் வாங்குங்கள். ஒருவர் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள். குரங்கு கூரை ஓடுகளை உடைப்பது, எலி வயரைக் கடிப்பது எந்த வீட்டுப் பொலிசியிலும் சேராது.

வெடித்தமேடு · கொத்மலை

நான் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரு கீறல் கூட இல்லை. கூரை அப்படியே இருக்கிறது, கண்ணாடி கூட உடையவில்லை. ஆனால் வீட்டுக்கு மேலே மலையில் நீளமாக நிலம் வெடித்திருக்கிறது. அந்த நவம்பரில் எழும்பி வந்தோம், பிறகு அதிகாரிகள் வந்து பார்த்து இங்கே தங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். கடன் மாதா மாதம் போகிறது. எங்கள் பொலிசியில் மண்சரிவு இருக்கிறது, தனியாகக் காசு கட்டிச் சேர்த்தோம். ஆனாலும் இல்லை என்கிறார்கள். வீடு நிற்கிறதாம்.

பழைய மதிப்பீட்டாளர் · கம்பளை

தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை, உங்கள் பதிவை வாசித்து நீண்ட நேரம் சும்மா இருந்தேன். அவர்கள் சொல்வது பொலிசியின் வாசகப்படி சரி. காப்புறுதி சேதத்துக்குப் பணம் கொடுக்கிறது. ஆபத்துக்குக் கொடுப்பதில்லை. மாற்று வாடகைப் பணமும், காப்புறுதி செய்த ஆபத்தால் வீடு உடைந்து வாழ முடியாமல் போனால்தான். காணி எந்தப் பொலிசியிலும் இல்லை. வீடு போனால் பணம் வரும், நிலம் போனால் வராது. மலைநாட்டில் நாம் இழப்பது பெரும்பாலும் நிலத்தை. இந்த இடைவெளியை யாராவது சட்டமாகவோ புது ஏற்பாடாகவோ நிரப்ப வேண்டும் என்று வேலையில் இருந்த காலத்திலேயே நான் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையின் பிரதியை எழுத்தில் எடுங்கள், வாய்ச்சொல் போதாது. அதோடு பிரதேச செயலகத்தில் மீள்குடியேற்றப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். அதே அறிக்கையோடு வங்கி முகாமையாளரை நேரில் சந்தித்து, கடனைத் தள்ளிப்போடவோ தவணையைக் குறைக்கவோ கேளுங்கள். பொலிசியை மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த மேடு இறங்கினால் அன்றைக்கு உங்கள் பொலிசி உயிரோடு இருக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லை என்பதையும் காரணத்தோடு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வெடித்தமேடு · கொத்மலை

தங்கச்சிதான் ஐயா. ஆள் இல்லாததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. நாளைக்கே எழுதுகிறேன்.

ஆற்றோரம் · நாவலப்பிட்டி

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வங்கி இரண்டு காப்புறுதி எடுத்திருக்கும். ஒன்று வீட்டுக்கு, மற்றது கடன்காரர் இறந்தால் கடனைக் கட்டுவதற்கு. என் தங்கை இரண்டாவதை வைத்துக்கொண்டு வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தாள். அப்புறம், வீட்டுக் காப்புறுதிப் பணம் வந்தாலும் அதில் முதல் உரிமை வங்கிக்கு. திருத்த வேலைக்கு அதை விடச் சொல்லி வங்கிக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும்.

கருங்கல்கட்டு · பசறை

மண்சரிவு எச்சரிக்கையின் மழைக்கணக்கையும் ஞாபகம் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் மஞ்சள், 100 என்றால் அம்பர், 150 என்றால் சிவப்பு, எழும்பிப் போக வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தாலும் சிவப்புத்தான். மரம் சாய்வது, புதிதாக ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று திடீரென்று நிற்பது, தண்ணீர் சேறாக வருவது, கதவு திடீரென்று இறுகுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் எச்சரிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டாம். அவசரத்துக்கு 117.

மேட்டுவீடு · ஹப்புத்தளை
(ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐயா சொன்னபடி நேரம் போட்டு எழுதினேன். முதல் இரவு பத்து மணிக்குச் சீட் பறந்தபோது என் மகன் டோர்ச் அடித்து எடுத்த வீடியோ ஃபோனில் இருந்தது, சேறு இல்லாத குசினியில் சீலிங்கால் தண்ணீர் ஊற்றுவது அதில் தெளிவாகத் தெரிகிறது. கிராம சேவகர் இரண்டையும் பிரித்து எழுதிக் கொடுத்தார். சீலிங்குக்கும் வயரிங்குக்கும் பணம் கிடைத்தது. குசினிச் சுவருக்கு மறுத்தார்கள், இந்த முறை வாசகத்தின் எண்ணோடு எழுத்தில். அதை விட்டுவிட்டேன்.

புதுப்பித்தலில் மண்சரிவைச் சேர்த்தோம். ஒரு நிறுவனம் மேட்டைப் பார்த்ததுமே முடியாது என்றது. இரண்டாவது நிறுவனத்தின் பொறியியலாளர் வந்து, சுவரைத் துளையோடு திரும்பக் கட்டி, மேலே கான் வெட்டி, படம் அனுப்பினால் ஏற்கலாம் என்றார். ஆக பாஸ் அண்ணனும் வெலிமடைத் தம்பியும் சொன்ன வேலையைச் செய்த பிறகுதான் பொலிசி வந்தது. தொகை 45 இலிருந்து 90 இலட்சம். தாங்குசுவர் தனி வரியில், சாமான் தனி வரியில், சேறு அகற்ற ஒரு தொகை. மண்சரிவுக்கு எக்ஸஸ் கூட, அதற்கு ஒத்துக்கொண்டேன். கட்டணம் முன்பை விட நல்லாவே கூடியிருக்கிறது, இரண்டு தவணையாகக் கேட்டேன், தந்தார்கள். அட்டவணையின் சுருக்கத்தைத் தமிழில் கேட்டு வாங்கினேன், அதைக் குசினி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

கொத்மலைத் தங்கச்சி, உங்கள் கடிதத்துக்குப் பதில் வந்ததா?

வெடித்தமேடு · கொத்மலை

வந்தது அக்கா. ஆள் இல்லாததை ஏற்றுக்கொண்டு எழுத்தில் தந்திருக்கிறார்கள், களவு மட்டும் இல்லை. வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளியிருக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கிறது, இடம் இன்னும் காட்டவில்லை. நேற்று அப்பா போய் வீட்டைத் திறந்து காற்றுப்படுத்திவிட்டு, வெடிப்பில் வைத்த அடையாளக் குச்சிகளை அளந்து வந்தார். அசையவில்லை என்றார்.